கணியம்பாடியில் நின்ற ராட்டினம்

மூன்று லாரி. கழற்றி அடுக்கிய ராட்டினம்.
பன்னிரண்டு மரக்குதிரை, ஒரு டிராகன்.
கடைசியாக நாங்கள் குடியிருக்கும் வண்டி:
சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு
அடுப்பும் தூளியும் வைத்த பழைய மினி பஸ்.
தீபத்துக்குள் திருவண்ணாமலை சேரணும்,
மைதானத்துக்கு முன்பணம் கட்டியாச்சு.

புயல் என்பது
கடலோரத்துக்காரர்களின் சமாச்சாரம் என்றுதான்
வேலூர் தாண்டும்வரை இருந்தோம்.
கணியம்பாடி டீக்கடை டிவியில்
ஒரு பெண் வெள்ளைச் சுழியைக் கையால் தடவிக் காட்டினாள்.
அந்தக் கை சென்னையில் தொடங்கி
எங்கள்மேல் வந்து நின்றது.

"இன்னா பெரிய புயலு" என்றான் அண்ணன் எத்திராஜ்.
"நாகநதியத் தாண்டிட்டா போளூரு."
"பாலத்துல வேலை நடக்குது.
தரைப்பாலத்துல திருப்பி வுட்டுக்கினு இருக்கான்."
"முட்டிக்குக் கீழதான் தண்ணி."
"முட்டி உனுக்கு.
பஸ்ஸுக்கு முட்டி எங்க இருக்குது, சொல்லு?"

சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.
ராட்டினத்தில் பாதி என் பேரில் இருக்கிறது.
அதைச் சொல்லிக்காட்டியது அன்றைக்குத்தான்.

நிற்பதென்று ஆனபிறகு
நிற்க இடமில்லை.
ஏரிக்கரை வேண்டாம், கரையை நம்ப முடியாது.
மின்கம்பியின் கீழ் வேண்டாம்.
புளியமரத்தடியைக் காட்டினான் பிச்சாண்டி.
வெயிலில்தான் அது நிழல் மரம்,
காற்றில் வேறு ஏதோ ஒன்று.

நெல் கொள்முதல் நிலையத்தில் சிமெண்டுக் களம்,
கொஞ்சம் மேடு.
"நெல்லே நனையுது, நீங்க வேறயா"
என்று திட்டிக்கொண்டே கேட்டைத் திறந்தார்
காவல்காரர் தசரதன்.

லாரிகளை வடகிழக்கில் சுவராக நிறுத்தி
பஸ்ஸை அதன் மறைவில் ஒண்டவைத்தோம்.
சக்கரத்துக்குக் கல்.
தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டு, இழுத்துக் கட்டாதே,
காற்றுக்குப் பிடிக்கத் துணி கொடுக்காதே.
சிலிண்டரை மூடி வெளியே வை.
ஆர்.சி. புத்தகம், ரேஷன் கார்டு,
ஜெயப்ரதாவின் பள்ளிச் சான்றிதழ்
உரப்பையில் முடிந்து என் மடியில்.
போன்களில் ஒன்றுக்கு மட்டும் உயிர்,
மற்றவை தூங்கட்டும்.
தகர வண்டியில் யாரும் படுக்கவில்லை.
ஒன்பது பேரும் சாக்கு அறையில்,
தவிட்டு வாசனையில், தும்மிக்கொண்டு.

இரண்டு மணிக்கு அது வந்தது.
கழற்றி வைத்த இரும்பெல்லாம்
சுற்றாமலே கிறீச்சிட்டது.
தூக்கம் வராத ஜெயப்ரதா
குதிரைகளைப் பேர் சொல்லி எண்ணினாள்,
ஒன்பதில் தடுமாறி
மறுபடி முதலிலிருந்து.
எத்திராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்தது.
புளியமரம் அப்படியே நின்றது,
ஒரு கிளைகூட முறியவில்லை.
ஏரி உடையவில்லை.
தரைப்பாலத்தில் ராத்திரி முழுக்க
பால் வண்டி போய் வந்ததாம்.
எங்கள் சேதம்:
ஈரத்தில் ஊதிய ஒரு மரக்குதிரையின் மூக்கு.

அண்ணன் என்னைப் பார்த்தான்.
திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மைதானத்தில் எங்கள் இடத்தில்
வேறு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.
கழிவறைப் பக்கத்து மூலை எங்களுக்கு.
பாதி வசூல்.
மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை.
நடக்காததற்குச் சாட்சி கிடையாது.
நான் எதைக் காட்டி வாதாட?

நான்காம் நாள் ஒருத்தி
மகனைப் பெட்டியில் உட்காரவைத்துவிட்டு
கம்பியை விடாமல் கேட்டாள்:
"கழண்டுக்காதே, இல்ல?"

எத்திராஜ் அவளைப் பார்த்தான்.
டிக்கெட் மேசையில் இருந்த என்னையும்.
"கோமளா, ஸ்பானர எடு."

குனிந்து,
காலையிலேயே இறுகியிருந்த போல்ட்டை
இன்னொரு தடவை இறுக்கினான்.